கடைவீட்டில் மூன்று பேஸ்: அளந்தால் 236, 409, பழைய சுவிட்சில் 415, மோட்டார் தகட்டில் 230/400. எது சரி?

மசாலாமில்_ஜெலுத்தோங் எழுதியது:

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அம்மா இத்தனை வருடமாக வீட்டில் வறுத்து, வெளியே கொடுத்து அரைத்து விற்றுவந்த மீன்கறித்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாவற்றையும் இனி நாங்களே அரைக்கலாம் என்று முடிவு. பழைய மில் ஒன்று மோட்டாரோடு கிடைத்தது, வாங்கிவிட்டோம். கடையில் மூன்று பேஸ் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது, முன்பு அங்கே தச்சுப் பட்டறை இருந்ததாம்.

இப்போது என் குழப்பம். மெயின் சுவிட்ச் பெட்டியில் 415 வோல்ட் என்று பழைய ஸ்டிக்கர். வயரிங் பார்க்க வந்த ஒருவர் மீட்டர் வைத்து அளந்து, சிவப்புக்கும் கறுப்புக்கும் 236, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 409 என்று சொன்னார். இணையத்தில் தேடினால் மலேசியாவில் 230/400 என்று இருக்கிறது. மோட்டார் தகட்டில் 2.2 கிலோவாட், 230/400 வோல்ட், 8.3/4.8 ஆம்ப், 50 ஹெர்ட்ஸ், 1420 சுற்று, அதன் பக்கத்தில் ஒரு முக்கோணமும் ஒய் எழுத்தும். இரண்டு 236-ஐக் கூட்டினால் 472 வரவேண்டும், ஏன் 409 மட்டும் வருகிறது? இதில் எந்த எண்ணை நம்பி மோட்டாரை இணைப்பது?

இன்னொன்று, மூன்று பேஸ் கடை என்றால் சுவரில் உள்ள பிளக்கில் 400 வருமா? அம்மா மிக்ஸியையும் பிரிட்ஜையும் அங்கே மாட்டவே விடமாட்டேன் என்கிறார். வீட்டுக்காரர் சொன்ன ஆள் ஒருவர், “மூன்று பேஸெல்லாம் எதற்கு, ஒரு கெபாசிட்டர் போட்டு ஒரே பேஸில் ஓட்டித் தருகிறேன்” என்கிறார், அதுவும் சரியா தெரியவில்லை.

மற்றபடி கடை நல்ல நிலையில்தான் இருக்கிறது. பிரிட்ஜும் கெட்டிலும் சேர்ந்து ஓடும்போது பின்கட்டு விளக்கு மங்கி முன்பக்க விளக்கு பளிச்சென்று எரிகிறது, பழைய வயரிங் என்பதால் இருக்கலாம்.

—

ஓய்வுபெற்ற_வயர்மேன் எழுதியது:

தம்பி, நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் நீ கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஒரு பக்கம் மங்குகிறது, அதே நேரம் இன்னொரு பக்கம் பளிச்சென்று எரிகிறது என்றால் அது பழைய வயரிங்கின் குணம் இல்லை, நியூட்ரல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி, எங்கோ விட்டுப்போகிறது அல்லது லூசாக இருக்கிறது. இதைப் படித்தவுடன் மெயினை அணைத்துவிடு. பிரிட்ஜில் இருப்பதை வீட்டுக்கு எடுத்துப் போ. மில்லைப் பிறகு பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பார். சிவப்பு பேஸில் 2000 வாட் கெட்டில், மஞ்சள் பேஸில் 200 வாட் அளவுக்குச் சின்னச் சாமான்கள். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை இரண்டுக்கும் தனித்தனியாக 230 வரும். நியூட்ரல் அறுந்த நொடியில் இரண்டும் தொடராகி 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். கெட்டிலின் தடை ஏறக்குறைய 26 ஓம், மற்றதன் தடை 264 ஓம், அதாவது பத்து மடங்கு. அதனால் கெட்டிலுக்கு 36 வோல்ட்தான் கிடைக்கும், அது சூடுகூட ஆகாது. மீதி 364 வோல்ட்டும் அந்தச் சின்னச் சாமான்கள் தலையில். டிவி, ரவுட்டர், எல்ஈடி விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து போகும், சில நேரம் தீயும் பிடிக்கும். எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் மின்னோட்டம் அதிகமாகவில்லை, வோல்ட்தான் அதிகமாகிறது. இஎல்சிபியும் (மின்கசிவு இருந்தால் அணையும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் நிலத்துக்கு எதுவும் கசியவில்லை. ஒன்றுமே விழாமல் வீட்டுச் சாமான் எரியும் கோளாறு இது.

உனக்கு இன்னும் முழுதாக அறவில்லை, லூசாக இருக்கிறது என்று நினைக்கிறேன். லூசான இடம் சூடாகும், சூடாகச் சூடாக இன்னும் லூசாகும். ஒருநாள் மொத்தமாக விட்டுவிடும்.

லைசென்ஸ் உள்ள, மூன்று பேஸ் வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் சுவிட்சின் நியூட்ரல், டிபி பெட்டிக்குள் (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இருக்கும் நியூட்ரல் கட்டை, மீட்டருக்குப் பிறகு வரும் இணைப்பு, எல்லாவற்றையும் பார்க்கச் சொல். கோளாறு மீட்டருக்கு முன்னால் இருந்தாலோ, மேல்மாடியிலும் பக்கத்துக் கடையிலும் இதே போல விளக்கு ஆடினாலோ அது டிஎன்பி (மின்சாரம் தரும் தெனாகா நிறுவனம்) பக்கத்துக் கோளாறு, 15454-க்கு அழைத்துச் சொல். சீல் வைத்த இடத்தில் நீயோ உன் ஆளோ கை வைக்கக் கூடாது.

—

செந்தூல்_சர்க்யூட் எழுதியது:

அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். எண்களுக்கு நான் பதில் சொல்கிறேன், கோலாலம்பூரில் கட்டட மின்பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், இந்தக் கேள்வி எங்களிடம் வாரம் ஒருமுறையாவது வரும்.

முதலில் 415-உம் 400-உம். மலேசியாவில் முன்பு அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் 240/415. 2008 ஜனவரி 1 முதல் 230/400 என்று மாற்றினார்கள், உலகத் தரத்தோடு ஒத்துப்போவதற்காக. ஆனால் அன்று நள்ளிரவில் துணை மின்நிலையத்து டிரான்ஸ்பார்மரை யாரும் போய்த் திருப்பவில்லை. பழைய விதிப்படி 240-இலிருந்து 5 விழுக்காடு மேலே, 10 விழுக்காடு கீழே போகலாம், அதாவது 216 முதல் 252 வரை. புதிய விதிப்படி 230-இலிருந்து 10 விழுக்காடு மேலே, 6 விழுக்காடு கீழே, அதாவது 216.2 முதல் 253 வரை. இரண்டு வரம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றேதான். பெயரளவு எண்தான் மாறியது. அதனால்தான் இன்றைக்கும் பல இடங்களில் அளந்தால் 235, 240 என்று வருகிறது. பிரிட்டனிலும் 1995-இல் இதே போல்தான் 240 என்பது 230 ஆனது. உங்கள் 236 (சிவப்புப் பேஸுக்கும் கறுப்பு நியூட்ரலுக்கும்), 409 (பேஸுக்கும் பேஸுக்கும்) இரண்டும் ஆரோக்கியமான அளவுகள். 415 ஸ்டிக்கர் பழைய காலத்து ஸ்டிக்கர், அதுவும் பொய் இல்லை.

இப்போது 236-உம் 236-உம் ஏன் 472 ஆகவில்லை. மூன்று பேஸும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குபவை இல்லை. ஒவ்வொன்றும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மூன்றில் ஒரு சுற்று பின்தங்கி, அதாவது 120 பாகை தள்ளி வருகிறது. சிவப்பு உச்சத்தில் இருக்கும் கணத்தைப் பிடித்து நிறுத்துங்கள். 230 வோல்ட்டுக்கு உச்சம் 325. அந்தக் கணத்தில் மஞ்சளும் நீலமும் உச்சத்தில் இல்லை, எதிர்த்திசையில் பாதியில், ஆளுக்கு மைனஸ் 162-இல் இருக்கும். மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். எந்தக் கணத்தை எடுத்தாலும் பூஜ்யம்தான். இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை ஒரு முழுச் சுற்றுக்கும் கணக்குப் பார்த்தால் ஒற்றைப் பேஸைப் போல 3-இன் வர்க்கமூலம் மடங்கு, 1.732 மடங்கு வரும். 230-ஐ அதால் பெருக்கினால் 398, அதைத்தான் 400 என்கிறோம். 240-ஐப் பெருக்கினால் 415. உங்கள் 236-ஐப் பெருக்கினால் 408.8. அளந்தவர் சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

ஆக, மூன்று பேஸ் என்றால் 400 வோல்ட் உள்ள தனி மின்சாரம் என்று நினைக்காதீர்கள். அதே 230-தான், மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் வருகிறது. பிளக்குக்கு ஒரு பேஸும் நியூட்ரலும்தான் போகும், அங்கே எப்போதும் 230. அம்மாவிடம் சொல்லுங்கள், அவருடைய மிக்ஸிக்கு மூன்று பேஸ் கடையும் ஒற்றைப் பேஸ் வீடும் ஒன்றுதான், நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை.

நியூட்ரல் என்ன செய்கிறது என்று புரிய ஒரு படம். ஒரு இரும்பு வளையத்தில் மூன்று கயிறு கட்டி மூன்று பேர் மூன்று திசையில் இழுக்கிறார்கள். மூவரும் சமமாக இழுத்தால் வளையம் நடுவிலேயே நிற்கும், அதைப் பிடித்துக்கொள்ள யாரும் வேண்டாம். ஒருவர் ஓங்கி இழுத்தால் வளையம் அவர் பக்கம் ஓடும். அப்படி ஓடாமல் நடுவில் அறைந்து வைத்த முளைதான் நியூட்ரல். கடையில் விளக்கும் பிரிட்ஜும் கெட்டிலும் ஒருநாளும் சமமாக இழுக்காது, அதனால் முளை இல்லாமல் முடியாது. மூன்று பேஸ் மோட்டார் மட்டும் மூன்றையும் சமமாக இழுக்கும், அதனால் மோட்டாருக்கு நியூட்ரல் கம்பியே போகாது, மூன்று பேஸும் எர்த்தும் மட்டும் போகும். மோட்டார் இணைக்கும்போது “நியூட்ரல் போடாமல் விட்டுவிட்டாரே” என்று பதறவேண்டாம்.

—

செராஸ்_சாலை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், தலைப்பு இதேதான் என்பதால் இங்கேயே கேட்கிறேன். செராஸில் இரட்டை மாடி வரிசைவீடு, ஒற்றைப் பேஸ், மெயின் 63 ஆம்ப். மின்சாரக் கார் வாங்கப் போகிறேன். விற்பனையாளர் 22 கிலோவாட் சார்ஜர் போட மூன்று பேஸுக்கு மாறச் சொல்கிறார், மாறினால் பில்லும் குறையும் என்கிறார். உண்மையா?

—

செந்தூல்_சர்க்யூட் எழுதியது:

பில் குறையாது. மீட்டர் கிலோவாட்-மணியைத்தான் எண்ணுகிறது, ஒரு கம்பியில் வந்தாலும் மூன்று கம்பியில் வந்தாலும் காரின் பேட்டரிக்கு அதே அளவு சக்திதான் வேண்டும்.

வேகத்தைப் பற்றி முடிவு செய்யும் முன் காரைப் பாருங்கள். காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் எவ்வளவு ஏற்கும் என்பதுதான் கணக்கு. 32 ஆம்ப் ஒற்றைப் பேஸ் என்றால் 32 பெருக்கல் 230, ஏறக்குறைய 7.4 கிலோவாட். 16 ஆம்ப் மூன்று பேஸ் என்றால் 11 கிலோவாட். 32 ஆம்ப் மூன்று பேஸ் என்றால் 22. கார் 11 வரைதான் ஏற்கும் என்றால் சுவரில் 22 மாட்டினாலும் 11-தான் வரும். கார் ஒற்றைப் பேஸ் 7 மட்டும் ஏற்கும் வகை என்றால் மூன்று பேஸுக்குச் செலவு செய்தும் அதே 7-தான், மற்ற இரண்டு பேஸும் சும்மா இருக்கும்.

அதற்காக மூன்று பேஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒற்றைப் பேஸ் இணைப்புக்கு டிஎன்பி வைத்திருக்கும் உச்ச அளவு 12 கிலோவோல்ட்-ஆம்பியர், 230-ஆல் வகுத்தால் சுமார் 52 ஆம்ப். கார் மட்டும் 32 எடுத்தால் மீதி 20 ஆம்பில் இரவு இரண்டு மூன்று ஏர்கான், ஒரு வாட்டர் ஹீட்டர், ஒரு இண்டக்ஷன் அடுப்பு ஓட்டமுடியுமா என்று பாருங்கள். வாட்டர் ஹீட்டர் ஒன்றே 3.6 கிலோவாட் என்றால் 15 ஆம்ப் தின்றுவிடும். வீட்டில் ஆள் அதிகம், ஏர்கான் அதிகம் என்றால் மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. சின்னக் குடும்பம், நள்ளிரவுக்கு மேல் சார்ஜ் செய்தால் போதும் என்றால் 7 கிலோவாட்டே ஏழு எட்டு மணி நேரத்தில் 50 கிலோவாட்-மணிக்கு மேல் ஏற்றிவிடும், அன்றாட ஓட்டத்துக்கு அது தாராளம்.

மாறினால் டிபி பெட்டியில் சுமையை மூன்றாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மெயினை மட்டும் மூன்று பேஸாக்கி, வீடு முழுவதையும் சிவப்பிலேயே தொங்கவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் காசு கொடுத்து வாங்கிய இரண்டு பேஸ் வீண்.

—

வைண்டிங்_பட்டறை எழுதியது:

பட்டர்வொர்த்தில் மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மில்காரத் தம்பிக்கு மோட்டார் பற்றிச் சொல்லவேண்டியது இருக்கிறது.

தகட்டில் முக்கோணம், ஒய், 230/400 என்று இருந்தால் அர்த்தம் இது: இந்த மோட்டாரின் ஒவ்வொரு காயிலும் 230 வோல்ட்டைத்தான் தாங்கும். பேஸுக்கும் பேஸுக்கும் 400 இருக்கும் இடத்தில், அதாவது மலேசியாவில் எந்த மூன்று பேஸ் கடையிலும், இதை ஸ்டாரில், அதாவது ஒய்-யில் இணைக்கவேண்டும். அப்போது ஒவ்வொரு காயிலுக்கும் 400-ஐ 1.732-ஆல் வகுத்தது, 230 கிடைக்கும், 4.8 ஆம்ப் எடுக்கும். டெல்டாவில், அதாவது முக்கோணத்தில், பேஸுக்கும் பேஸுக்கும் 230 மட்டும் உள்ள இடத்தில்தான் போடலாம், அப்போது 8.3 ஆம்ப். தகட்டில் 400/690 என்று இருக்கும் பெரிய மோட்டார்கள் வேறு கதை, அவற்றை இங்கே டெல்டாவில் ஓட்டவேண்டும். ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அந்த வகைக்குத்தான், உன்னுடையதற்கு அதைப் போடவே கூடாது, ஓட்டம் பிடித்தவுடன் டெல்டாவுக்கு மாறிக் காயிலை எரித்துவிடும். 2.2 கிலோவாட்டுக்கு நேரடி ஸ்டார்ட்டரே போதும்.

இரண்டாம் கையாக வரும் மோட்டாரில் பழைய இணைப்பை நம்பாதே. மூடியைத் திறந்து உள்ளே பார். ஆறு போல்ட் இரண்டு வரிசையாக இருக்கும். கீழ் வரிசையில் யு1, வி1, டபிள்யு1. மேல் வரிசையில் டபிள்யு2, யு2, வி2. பித்தளைப் பட்டைகள் மூன்று, மேலிருந்து கீழாக ஒவ்வொரு சோடியையும் இணைத்திருந்தால் அது டெல்டா. மேல் வரிசை மூன்றையும் குறுக்காக ஒன்றாக இணைத்திருந்தால் ஸ்டார்.

அந்தக் கெபாசிட்டர் யோசனையை விட்டுவிடு. செய்யமுடியாதது இல்லை, 230/400 மோட்டாரை டெல்டாவில் போட்டு ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோபாரட் கணக்கில் கெபாசிட்டர் வைத்து ஒற்றைப் பேஸில் ஓட்டுவார்கள். ஆனால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், தொடங்கும் இழுவை மிகவும் குறைவு. மில்லில் மிளகாய் கிடக்கும்போது சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கும், நின்றபடியே சூடேறும். கடையில் மூன்று பேஸ் வைத்துக்கொண்டு அப்படி ஏன் செய்யவேண்டும்? ஒற்றைப் பேஸ் மட்டும் உள்ள வீட்டில் இதே அளவு மோட்டார் ஓட்டவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இன்வெர்ட்டர் டிரைவ்தான் சொல்வேன், 230 ஒற்றைப் பேஸை வாங்கி 230 மூன்று பேஸாகத் தரும் வகை. அதில் மட்டும் இந்த மோட்டார் டெல்டாவில் இருக்கவேண்டும்.

—

மசாலாமில்_ஜெலுத்தோங் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக வயர்மேன் அண்ணனுக்கு. படித்தவுடன் மெயினை அணைத்துவிட்டு, மூன்று பேஸ் சான்றிதழ் உள்ளவரைத் தேடிப் பிடித்தோம். டிபி பெட்டியைத் திறந்து காட்டினார். நியூட்ரல் கட்டையில் மெயினிலிருந்து வரும் கறுப்புக் கம்பியைப் பிடித்திருக்கும் திருகு அரைச் சுற்றுக்கு மேல் லூசு, அந்தக் கம்பியின் உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பித்தளை கறுத்துப் போயிருந்தது. வெட்டி, புதுக் கட்டை போட்டு, புது முனை அழுத்தி இறுக்கிக் கொடுத்தார். இப்போது கெட்டில் போட்டாலும் விளக்கு அசையவில்லை. மேல்மாடிக்காரரிடமும் விசாரித்தோம், அவர்களுக்குக் கோளாறு இல்லை.

வைண்டிங் அண்ணன் சொன்னபடி மோட்டார் மூடியையும் திறந்து பார்த்தோம். பட்டைகள் மூன்றும் மேலிருந்து கீழாக இருக்கின்றன. அப்படியென்றால் டெல்டாதானே? விற்றவர் “அப்படியே மாட்டி ஓட்டலாம்” என்றுதான் சொன்னார்.

இன்னொரு சந்தேகம். வந்த வயர்மேன் நீலக் கம்பியைத் தொடாதே, அது பேஸ் என்றார். ஆனால் பிரிட்ஜ் வயரைப் பிரித்துப் பார்த்தபோது நீலம் நியூட்ரல் என்று படித்த ஞாபகம். எது சரி?

—

வைண்டிங்_பட்டறை எழுதியது:

ஆமாம், டெல்டாதான். விற்றவர் இன்வெர்ட்டர் டிரைவில் ஓட்டியிருப்பார், அதனால் அவருக்கு அது சரி. உன் கடையில் அப்படியே மாட்டியிருந்தால் 230-க்குக் கட்டிய காயில் ஒவ்வொன்றுக்கும் 409 வோல்ட் போயிருக்கும். இரும்பு நிறைந்து மின்னோட்டம் பல மடங்கு ஏறி, ஓவர்லோட் ரிலே (மின்னோட்டம் மிஞ்சினால் மோட்டாரை அணைக்கும் கருவி) உடனே விழுந்தால் பிழைக்கும், இல்லையென்றால் வார்னிஷ் கருகும் வாசனை வந்துவிடும். எங்கள் பட்டறைக்கு வரும் “புதிதாக வாங்கினேன், போட்டவுடன் புகைந்தது” வகை மோட்டார்களில் பட்டை இப்படி இருப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

மூன்று பட்டையையும் கழற்றி, மேல் வரிசை மூன்று போல்ட்டையும் குறுக்காக இணைக்கச் சொல். இரண்டு பட்டை போதும், மூன்றாவதை அங்கேயே ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இறுக்கிவிடலாம், தொலையாமல் இருக்கும். பேஸ் மூன்றும் கீழ் வரிசைக்கு. எர்த் கம்பி மோட்டார் உடம்பில் இருக்கும் திருகுக்கு, அது இல்லாமல் ஓட்டாதே.

ஓவர்லோட் ரிலேயை 4.8 ஆம்பில் வை. மில் அடிக்கடி விழுகிறது என்று 7, 8-க்கு ஏற்றிவைப்பார்கள், அப்புறம் அந்த ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான். விழுந்தால் ஈரமான மல்லியா, பெல்ட் அதிக இறுக்கமா, பேரிங் போச்சா என்று தேடவேண்டும். கூடவே பேஸ் தவறினால் அணைக்கும் ரிலே ஒன்று கட்டாயம் போடச் சொல். மூன்றில் ஒரு பேஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது, மீதி இரண்டில் 1.7 மடங்கு இழுத்துக்கொண்டு ஓடும், சத்தம் மாறும். நின்றிருந்தால் கிளம்பாது, உறுமும்.

பெல்ட் மாட்டும் முன் ஒரு நொடி தட்டிப் பார்த்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கவனி. தப்புப் பக்கம் என்றால் மூன்றில் ஏதாவது இரண்டு பேஸை இடம் மாற்றினால் போதும். மில்லில் சில வகைகளில் எதிர்ப்பக்கம் சுற்றினால் நட்டு கழன்றுவிடும், அதனால் பெல்ட்டோடு சோதிக்காதே.

—

ஓய்வுபெற்ற_வயர்மேன் எழுதியது:

நல்ல வேளை பார்த்தாய் தம்பி. உறை உதிர்ந்தது என்றால் பல மாதமாகச் சூடேறியிருக்கிறது.

நீலத்தைப் பற்றி. இரண்டுமே சரி, அதுதான் ஆபத்து. இங்கே பழைய கட்டடங்களில் சுவருக்குள் ஓடும் மூன்று பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாமானோடு வரும் வளையும் வயரில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். வெளிநாட்டு இயந்திரம் என்றால் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ், நீலம் நியூட்ரல் என்றும் வரும், அங்கே கறுப்பே பேஸ். ஆகவே நிறத்தை வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது, அணைத்து, டெஸ்ட் செய்து, அப்புறம்தான் கை வைக்கவேண்டும். டெஸ்ட் செய்யும் மீட்டரும் CAT III என்ற பாதுகாப்பு வகை, 600 வோல்ட் என்று போட்டதாக இருக்கவேண்டும். பத்து வெள்ளி மீட்டரைக் கொண்டுபோய் மெயின் சுவிட்சில் குத்தினால் கையிலேயே வெடிக்கலாம்.

இஎல்சிபி என்ன போட்டிருக்கிறார் என்று எழுதவில்லை. கடை முழுவதற்கும் நான்கு முனை உள்ளது, 100 மில்லிஆம்ப். பிளக்குகளுக்குத் தனியாக 30 மில்லிஆம்ப். மசாலா வறுக்கும் பின்கட்டு ஈரமான இடம், அங்கே கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பிளக்கோ வாட்டர் ஹீட்டரோ வந்தால் 10 மில்லிஆம்ப் போடச் சொல். வெளியே எர்த் கம்பி இறங்கும் இடத்தில் சிமென்ட் மூடி இருக்கும், அதைத் திறந்து கம்பி இன்னும் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு சொந்த எர்த்தான், டிஎன்பி கம்பியோடு எர்த் வராது. பழைய கடைவீடுகளில் அந்தக் கம்பி துருப்பிடித்து அறுந்துபோய், மேலே பெயின்ட் அடித்து அழகாக இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், நீலம் பேஸில் கறித்தூள் வறுக்கும் அடுப்பு, மஞ்சளில் பிரிட்ஜும் ஏர்கானும், சிவப்பில் விளக்கும் மற்றதும் என்று பிரித்துப் போட்டால் சுமை ஓரளவு சமமாகும். மோட்டார் மூன்றையும் சமமாக எடுத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் வயர்மேனிடமும் கான்ட்ராக்டரிடமும் ஜி, எச் படிவங்களைக் கேட்டு வாங்கி வை. ஜி என்பது மேற்பார்வையிட்டு முடித்ததற்கு, எச் என்பது டெஸ்ட் செய்ததற்கு. நாளைக்குக் கடையில் சுமையைக் கூட்ட டிஎன்பிக்கு விண்ணப்பிக்கவேண்டி வந்தாலும், காப்புறுதிக்காரர் கேட்டாலும் அதுதான் காகிதம்.

—

மசாலாமில்_ஜெலுத்தோங் எழுதியது:

100 மில்லிஆம்ப் மட்டும்தான் இருக்கிறது அண்ணே, பிளக்குக்குத் தனியாக இல்லை. திங்கட்கிழமை அவர் மோட்டார் இணைக்க வரும்போது 30-உம் 10-உம் சேர்த்துப் போடச் சொல்லிவிட்டேன், பேஸ் ரிலேயும் வாங்கியாகிவிட்டது. எர்த் மூடியைத் திறந்து பார்க்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், அது இப்போது பக்கத்துக் கடைக்காரரின் பூத்தொட்டிகளுக்கு அடியில் இருக்கிறது.